போலீஸ் சுட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? என்கவுண்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு என்கவுண்டர் செய்தி வந்ததும் ஒரு பக்கம் பட்டாசு, இன்னொரு பக்கம் கண்டன அறிக்கை. நடுவில் நிற்கிறவர்களுக்கு நிஜமாகவே சில கேள்விகள் இருக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது, சுட்டவரை யார் விசாரிப்பது, செத்தவரின் வீட்டார் எங்கே போவது? அவற்றுக்கு முடிந்தவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய், அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. பழைய தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களில் இருப்பதால் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் தருகிறேன்.

போலீசுக்குச் சுட்டுக்கொல்லும் அதிகாரம் இருக்கிறதா, இல்லையா?

கொல்லும் அதிகாரம் என்று தனியாக ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான் போலீஸ்காரருக்கும் இருக்கிறது. ஒருவர் நம்மைக் கொல்ல வருகிறார், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய நிலை என்றால், தடுக்கும்போது அவர் உயிர் போனாலும் குற்றமாகாது (நியாய சன்ஹிதா 38, பழைய 100). ஆனால் அந்த உரிமைக்கே ஓர் எல்லை உண்டு. தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான், அதற்கு மேல் கூடாது.

இன்னொரு பிரிவு, கைது செய்வது பற்றியது. ஒருவர் கைதை எதிர்த்தால் தேவையான எல்லா வழியையும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு வேலி போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை (சுரக்ஷா சன்ஹிதா 43(4), பழைய 46(3)). செயின் பறித்துவிட்டு ஓடுகிறவரை, ஓடுகிறார் என்பதற்காக மட்டும் சுட்டுக்கொல்ல முடியாது. இதைச் சிலர் தலைகீழாகப் படித்து, அப்படியானால் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரைக் கொல்லலாம் போல என்கிறார்கள். அதுவும் தவறு. அங்கேயும் கைது செய்வதுதான் நோக்கம், வேறு வழியே இல்லாத நிலை இருந்ததா என்ற கேள்வி அங்கேயும் எழும்.

"தற்காப்புக்காகச் சுட்டோம்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா?

முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. தற்காப்பு என்பது ஒரு விதிவிலக்கு, அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் நீதிமன்றத்தில். தன் அறிக்கையில் தானே எழுதிக்கொண்டால் போதாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் அளவுக்கு வேண்டாம், அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும், ஆனால் காட்டியாக வேண்டும்.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்தச் செய்தியின் வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம். பதுக்கிவைத்த ஆயுதத்தை எடுத்துத் தருவதாகச் சொன்னார், அதிகாலையில் அழைத்துச் சென்றார்கள், திடீரென அரிவாளாலோ நாட்டுத் துப்பாக்கியாலோ தாக்கினார், எச்சரித்தும் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் தற்காப்புக்காகச் சுட்டார், எஸ்.ஐ.க்குக் கையில் காயம், அரசு மருத்துவமனையில் சிகிச்சை. இப்படி ஒரு சம்பவம் உண்மையிலேயே நடக்கலாம். ஆனால் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றினால் எந்த மாதத்துச் செய்தி என்றே தெரியாத அளவுக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டிய கடமை கூடுகிறது. காவலில் இருந்தவர் கைக்கு ஆயுதம் எப்படி எட்டியது, ஏன் அந்த நேரம், ஏன் அத்தனை பேர் சூழ்ந்திருந்தும் மடக்க முடியவில்லை, குண்டு முன்பக்கம் நுழைந்ததா பின்பக்கமா, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது? இவற்றுக்கெல்லாம் உடலும் துப்பாக்கியும் இடமும் பதில் வைத்திருக்கின்றன, கேட்க ஆள் வேண்டும்.

முட்டிக்குக் கீழேதான் சுட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?

தற்காப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கூட்டத்தைக் கலைக்கும்போது தாழ்வாகச் சுட வேண்டும், குறைந்தபட்சமாகச் சுட வேண்டும் என்பது போலீஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்படுவது, அதைத்தான் மக்கள் எல்லாவற்றுக்குமான சட்டமாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஓடுகிற காலைக் குறிபார்த்துச் சுடுவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம், தவறினால் பின்னால் நிற்கிறவர் மேல் படும், தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் பட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதனால் "காலில்தானே சுட்டோம்" என்பது சின்ன விஷயம் இல்லை. எங்கே சுட்டாலும் துப்பாக்கியை எடுத்துவிட்டால் அது உயிரைப் பறிக்கும் பலப்பிரயோகம்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், இப்போது "சுட்டுப்பிடிப்பு" என்று ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. தப்பி ஓட முயன்றார், காலில் சுட்டுப் பிடித்தார்கள். உயிர் போகவில்லை என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2014 விதிமுறைகள் (கீழே விரிவாக வருகிறது) சாவுக்கு மட்டுமல்ல, என்கவுண்டரில் கொடுங்காயம் ஏற்பட்டாலும் பொருந்தும். கழிப்பறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு படம் எடுக்கப்படும் கைதிகளுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இரண்டுமே நீதிமன்றம் தர வேண்டிய தண்டனையைத் தெருவிலேயே கொடுத்து முடிக்கிற வேலைதான்.

செத்தவர் ரவுடிதானே, நாலு கொலை செய்தவர். அவருக்கு எதற்கு இவ்வளவு சட்டம்?

இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன், கேட்கிறவர்களில் அந்த ரவுடியால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வழக்கு பத்து வருடம் இழுக்கிறது, சாட்சிகள் மிரட்டப்படுகிறார்கள், ஜாமீனில் வந்து இன்னொரு வெட்டு. கோபம் நியாயமானது.

ஆனால் அவர்தான் செய்தார் என்று யார் முடிவு செய்தது? பல நேரங்களில் கைதாகி இரண்டே நாள் ஆகியிருக்கும், குற்றப்பத்திரிகைகூட இருக்காது. கூலிக்கு வெட்டியவர் செத்துவிட்டால், பணம் கொடுத்து ஏவியவர் யார் என்று சொல்லக்கூடிய வாயும் சேர்ந்து மூடிவிடுகிறது. உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. பயங்கரக் குற்றவாளி என்பதற்காக மட்டும் ஒருவரைக் கொல்வது போலீசின் கடமை அல்ல, கைது செய்து விசாரணைக்குக் கொண்டுவருவதே கடமை என்று உச்ச நீதிமன்றம் 2012ல் ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில் சொன்னது, அதுவும் அந்த வழக்கில் போலீசாரின் பக்கம் தீர்ப்பளித்துக்கொண்டே. அதைக் கவனிக்க வேண்டும். நிஜமான தற்காப்பை நீதிமன்றங்கள் ஏற்கத்தான் செய்கின்றன.

ஹைதராபாத் கால்நடை மருத்துவர் வழக்கில் சுட்டது சரிதானே? நாடே கொண்டாடியதே?

2019 டிசம்பர் 6 அதிகாலை, சட்டான்பள்ளி அருகே. பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் கைதான 4 பேரையும் சம்பவ இடத்துக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அன்று அந்தப் போலீசார் மேல் பூ தூவினார்கள். ஒரு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் கமிஷன் அமைத்தது. 2022 மே மாதம் வெளியான அறிக்கை சொன்னது: துப்பாக்கியைப் பிடுங்கிய கதை நம்பத்தக்கதாக இல்லை, கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடேயே சுடப்பட்டிருக்கிறது, 10 போலீசார் மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னது, செத்த 4 பேரில் 3 பேர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடூரம், அதில் எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அந்தக் கொடூரத்தை யார் யார் எப்படிச் செய்தார்கள் என்று சாட்சியோடு நிரூபித்துத் தண்டிக்கும் வாய்ப்பை அந்த அதிகாலைத் துப்பாக்கிச்சூடு அழித்துவிட்டது. பூ தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்?

ஒருவர் போலீஸ் குண்டில் செத்துவிட்டார். அடுத்து என்ன நடக்க வேண்டும்?

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மும்பை என்கவுண்டர்கள் பற்றி பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் நடத்திய வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று தலைமை நீதிபதி ஆர்.எம். லோதாவும் நீதிபதி ரோஹின்டன் நாரிமனும் 16 விதிமுறைகள் வகுத்தார்கள். வெறும் அறிவுரை என்று நினைக்க வேண்டாம், அரசியல் சாசனத்தின் 141வது பிரிவின்படி நாடு முழுவதற்கும் சட்டமாகவே அறிவிக்கப்பட்டவை.

சம்பவத்துக்கு முன்பே தொடங்குகிறது. இன்ன குற்றவாளி இன்ன இடத்தில் என்று துப்பு வந்தால் அதை வழக்கு டைரியிலோ மின்னணு முறையிலோ ஏதோ ஒரு வடிவில் பதிவு செய்ய வேண்டும். சுட்டு ஒருவர் செத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தாமதமில்லாமல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் ஒரு வித்தை நடக்கும். செத்தவர் போலீசைத் தாக்கியதாக ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றம் சாட்டப்பட்டவரே செத்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். சாவு எப்படி நடந்தது என்பதைத் தனியாக விசாரித்தாக வேண்டும், அதைச் சுட்ட போலீசாரின் ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது. சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையக் குழுவோ, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்கும் அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடைமுறையில் இது சிபிசிஐடிக்குப் போவது வழக்கம்.

பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். கைரேகை, ரத்தக்கறை படிந்த மண், உடைகள், குண்டு, தோட்டா உறை எல்லாம் சேகரிக்கப்பட வேண்டும். சுட்ட போலீசார் தங்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், அவை தடய அறிவியல் சோதனைக்குப் போகும். காயம்பட்டவர் உயிரோடு இருந்தால் உடனே சிகிச்சை, மாஜிஸ்திரேட்டோ மருத்துவரோ அவர் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். நெருங்கிய உறவினருக்குச் சீக்கிரம் தகவல் போக வேண்டும், டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். தேசிய அல்லது மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் போக வேண்டும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: சம்பவம் நடந்த கையோடு சுட்டவர்களுக்கு வீர விருதோ வரிசை தாண்டிய பதவி உயர்வோ கூடாது. அவர்களின் வீரம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபணமான பிறகுதான் அதைப் பரிசீலிக்கவே வேண்டும். கொலைக்குப் பரிசு என்ற எண்ணம் ஒரு துறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நீதிபதிகள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

போலீசைப் போலீசே விசாரித்தால் உண்மை வருமா?

நேர்மையான பதில், வருவது கடினம். வேறு ஸ்டேஷன் என்றாலும் அதே சீருடை, அதே பேட்ச், நாளைக்கு அதே அதிகாரியின் கீழ் வேலை பார்க்க வேண்டியவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் நடவடிக்கையில் சாவு நேர்ந்தால் அதை விசாரிக்கவே போலீசுக்கு வெளியே தனி அமைப்பு இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில், ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013ல் கொண்டுவந்த போலீஸ் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்தின் தலைவராக யாரை வைத்தது தெரியுமா? உள்துறைச் செயலாளரை. எந்தத் துறை மீது புகாரோ அந்தத் துறையை நடத்துகிறவரையே நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்தால் அங்கே புகார் கொடுக்க எவருக்குத் துணிவு வரும்? இது திருத்தப்பட வேண்டிய ஒன்று, கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கேட்க வேண்டிய ஒன்று.

போராட்டக் கூட்டத்தின் மீது சுடுவதற்கு வேறு சட்டமா?

ஆமாம், அது தனி. சட்டவிரோதக் கூட்டம் என்றால் முதலில் கலைந்து போகச் சொல்லி உத்தரவிட வேண்டும், கேட்காவிட்டால்தான் பலம் (சுரக்ஷா சன்ஹிதா 148, பழைய 129). எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி எல்லாம் தாண்டி வேறு வழி இல்லாதபோதுதான் துப்பாக்கி. கூட்டம் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டால் சுடுவதற்கான காரணமே போய்விட்டது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள், அதில் ஒரு பள்ளி மாணவியும் உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் எதுவும் இல்லாமலே சுட்டார்கள், தப்பி ஓடியவர்கள் மேல் பூங்காவில் மறைந்திருந்து சுட்டார்கள் என்றது. அப்போதைய ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. உட்பட 17 போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. மே மாதம் வந்தால் தூத்துக்குடிக்காரர்களுக்கு இது இன்னும் பழைய செய்தி ஆகவில்லை.

கமிஷன் அறிக்கையே சொல்லிவிட்டதே, அப்புறம் ஏன் யாரும் சிறைக்குப் போகவில்லை?

கமிஷன் வேறு, நீதிமன்றம் வேறு. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி அமைக்கப்படும் கமிஷன் உண்மையைக் கண்டறிந்து பரிந்துரை மட்டும்தான் செய்யும், தண்டிக்காது, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. கமிஷன் முன் ஒருவர் சொன்னதைப் பிற்பாடு குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது, எல்லாச் சாட்சியத்தையும் திரும்ப முதலிலிருந்து திரட்ட வேண்டும். அறிக்கையை ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை என்ன என்ற குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த நடவடிக்கைக் குறிப்பைத்தான் நாம் வரிக்கு வரி படிக்க வேண்டும். கமிஷன் அமைத்ததுமே நீதி கிடைத்துவிட்டதாக ஓய்ந்துவிடுவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

போலீஸ்காரர் மீது வழக்குப் போட அரசு அனுமதி வேண்டுமாமே?

பணிக் கடமையைச் செய்யும்போது நடந்த செயல் என்றால், சில நிலை அதிகாரிகள் விஷயத்தில் முன் அனுமதி வேண்டும் (சுரக்ஷா சன்ஹிதா 218, பழைய 197). கூட்டத்தைக் கலைக்க நல்லெண்ணத்தோடு செய்ததற்குத் தனிப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் போலி என்கவுண்டர் பணிக் கடமையே ஆகாது, அதற்கு இந்தக் கவசம் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் பஞ்சாப் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றமும் உண்டு: அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். கோப்பை மேஜையிலேயே வைத்து ஆண்டுக்கணக்கில் ஊறப்போடும் பழக்கத்துக்கு இது ஓரளவு முடிவு கட்டும்.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள பகுதிகளுக்கும் முழு விலக்கு இல்லை. மணிப்பூரில் 1,528 சாவுகள் பற்றிய வழக்கில் 2016ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி, அடுத்த ஆண்டு பல சம்பவங்களை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது.

இதுவரை யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா, சும்மா பேச்சுதானா?

தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு, காலம் நீளம்.

1997 மார்ச் 31 டெல்லி கன்னாட் பிளேஸில், தேடப்பட்ட குற்றவாளி என்று தவறாக நினைத்து ஒரு காரைச் சுற்றி நின்று சுட்டார்கள், இரண்டு வியாபாரிகள் செத்தார்கள். காருக்குள்ளிருந்து முதலில் சுட்டார்கள் என்ற கதை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2007ல் உதவி கமிஷனர் உட்பட 10 போலீசாருக்கு ஆயுள் தண்டனை, 2011ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

1991 ஜூலையில் உத்தரப்பிரதேசம் பிலிபித்தில் யாத்திரைப் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட 10 சீக்கியர்கள் தீவிரவாதிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டார்கள். 25 ஆண்டு கழித்து 2016ல் 47 போலீசாருக்கு ஆயுள். 2022ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, கொலை அல்ல, அதிகாரத்தை மீறியதால் நேர்ந்த, கொலைக்குற்றம் ஆகாத மரணம் என்று சொல்லி 43 பேருக்கு 7 ஆண்டாகக் குறைத்தது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தில் அதிகாரத்தை மீறினால் கொலைக்குற்றம் குறையும் என்ற விதிவிலக்கு அங்கே பயன்பட்டது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டதில் நல்லெண்ணம் எங்கே இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாவது மும்பை லக்கன் பையா வழக்கு. 2006 நவம்பர் 11 பகலில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இரவில் என்கவுண்டர். அவருடைய சகோதரர் வழக்கறிஞர். பிடித்துச் சென்ற செய்தி தெரிந்ததும், அன்று மாலையே, சாவுக்கு முன்பே, அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பிவிட்டார். இரவு நேரத்தில் எதிர்பாராமல் எதிர்கொண்டோம் என்ற போலீசின் கதையை அந்த மாலைத் தந்திகளே பலமாகக் கேள்விக்குள்ளாக்கின. 2013ல் போலீசார் பலருக்கு ஆயுள் தண்டனை. அப்போது விடுதலையான, "என்கவுண்டர் ஸ்பெஷலிஸ்ட்" என்று புகழப்பட்ட பிரதீப் சர்மாவுக்கும் 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, அவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்.

மேலதிகாரி சொன்னார், சுட்டேன் என்றால் தப்பிக்க முடியாதா?

முடியாது. லக்கன் பையா வழக்கிலேயே 2011ல் போலீசாரின் ஜாமீன் ரத்தானபோது உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: போலி என்கவுண்டருக்கு உத்தரவு வந்தால் மறுக்க வேண்டியது போலீஸ்காரரின் கடமை, "உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன்" என்ற வாதம் நாஜிகள் மீதான நியூரம்பர்க் விசாரணையிலேயே எடுபடவில்லை, போலி என்கவுண்டர் நிரூபணமானால் அரிதிலும் அரிதான வழக்காகக் கருதி மரண தண்டனையே தரலாம் என்ற அளவுக்குப் போனது அந்தத் தீர்ப்பு.

வழக்குகளைப் பார்த்தால், வாய்மொழியாக உத்தரவு போட்டவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, துப்பாக்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட காவலர் மட்டும் மாட்டிக்கொள்வார். கீழ்நிலைக் காவலர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். உத்தரவை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தர மறுக்கிற உத்தரவு என்ன உத்தரவு என்று அப்போதே தெரிந்துவிடும்.

சஸ்பெண்ட் செய்தார்கள், ஆயுதப்படைக்கு மாற்றினார்கள் என்று வருகிறதே, அது தண்டனையா?

இல்லை. சஸ்பெண்ட் என்பது விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது, பாதிச் சம்பளம்போல ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும். ஆயுதப்படைக்கு மாற்றுவதும் காத்திருப்போர் பட்டியலில் வைப்பதும் கோபம் அடங்கும்வரை நாளைக் கடத்தும் வழிகள்.

துப்பாக்கியே இல்லாமல் காவலில் அடித்துச் செத்தால்?

அதற்கு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் (சுரக்ஷா சன்ஹிதா 196, பழைய 176(1ஏ)), ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை போதாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் செத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பியது. அவரையே அங்கே அவமதித்துப் பேசினார்கள், ஸ்டேஷனை வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டிவந்தது. சிசிடிவி பதிவைச் சேமிக்க 1 டெராபைட் இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது அவர் அறிக்கையில்தான் வெளிவந்தது. ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தையும் மீறி, நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் துணிச்சலை நாம் மறக்கவே கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

போலீஸ்காரர் உயிருக்கு மதிப்பில்லையா? அவர் வெட்டுப்பட்டுச் சாக வேண்டுமா?

வேண்டாம், சாகக் கூடாது. மணல் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டவர்கள், ரவுடியைப் பிடிக்கப்போய் வெட்டுப்பட்டவர்கள் எல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த நொடியில் சுட வேண்டியிருந்தால் சுடத்தான் வேண்டும். அப்படிச் சுட்டவருக்குத்தான் சுத்தமான விசாரணை அதிகம் தேவை, இல்லாவிட்டால் நேர்மையாகச் சுட்டவரையும் திட்டமிட்டுக் கொன்றவரையும் ஊர் ஒரே கண்ணால் பார்க்கும். 2014 விதிமுறைகளில் ஒன்று சுட்ட அதிகாரியின் குடும்பத்துக்குத் தகவல் சொல்வதையும் மனநல ஆலோசனை தருவதையும் பற்றியது. ஒரு மனிதரைக் கொன்றபின் அந்த அதிகாரிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதை யாரும் பேசுவதே இல்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது, எங்கே என்று தெரியவில்லை. என்ன செய்வது?

உடனே எழுத்தில் பதிவு செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். எஸ்.பி. அல்லது கமிஷனர், டி.ஜி.பி., மாநில மனித உரிமை ஆணையம், பகுதி மாஜிஸ்திரேட் எல்லோருக்கும் மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எத்தனை பேர் வந்து அழைத்துப் போனார்கள், என்ன உடை அணிந்திருந்தார், உடம்பில் காயம் எதுவும் இல்லை, உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுகிறோம். மும்பை வழக்கில் அந்தத் தந்திகள் செய்த வேலையை இந்த மின்னஞ்சல் செய்யும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், மீறினால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், பிரேதப் பரிசோதனைக்கு முன் உடலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, 2020ல் மதுரைக் கிளை இதை வலியுறுத்தியிருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உடலை எரிக்க அவசரப்படாதீர்கள், மறு பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டிவரலாம். 2014 விதிமுறைகள் மீறப்பட்டிருந்தால் அந்தப் பகுதியின் செஷன்ஸ் நீதிபதியிடம் குடும்பமே நேரடியாகப் புகார் கொடுக்கலாம், இது பல வழக்கறிஞர்களுக்கே நினைவில் இருப்பதில்லை. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். இழப்பீடு வாங்கினால் வழக்கைக் கைவிட்டதாக ஆகாது. 1993ல் ஒடிசாவில், மகனைக் காவலில் பறிகொடுத்த தாய் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று இழப்பீடு கொடுக்கச் சொன்னது, குற்ற வழக்கு தனியே நடக்கும்.

நான் நேரில் பார்த்தேன், செல்போனில் எடுத்தும் வைத்திருக்கிறேன். வெளியிடலாமா?

பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை, வேலைக்குக் குறுக்கே நிற்காத வரை. ஆனால் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் யோசியுங்கள். அங்கே போனதும் கோப்பின் தரம் குறைந்துவிடும், யார் எப்போது எடுத்தது என்ற தகவலும் போய்விடும். எடுத்த போனை அப்படியே வையுங்கள், எதையும் வெட்டாதீர்கள், இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியம் ஏற்கப்பட, எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்ற சான்றிதழ் வேண்டும் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63), அதில் கையெழுத்துப் போட நீங்கள்தான் வேண்டும். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரிடமோ மனித உரிமை அமைப்பிடமோ போய்ப் பேசுங்கள். பயமாக இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் விண்ணப்பிக்கலாம், 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டம் அது.